பழைய ஜெர்மானிய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் காப்பு அமைப்புகள்: இயங்குமுறை, எல்லை, கலைச்சொல்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஜெர்மனியின் சூல் நகரிலும் அதனைச் சுற்றியும் உருவான இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளின் காப்பு அமைப்புகளை இக்கட்டுரை விளக்குகிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றில் காப்புத்தாழ் விசையை மட்டுமே பூட்டுகிறது. வெடிப்பை உண்டாக்கும் குதிரையைப் பூட்டுவதில்லை. ஆகவே தாழ் இடப்பட்ட நிலையிலும் துப்பாக்கி வெடிக்கக்கூடும். பரம்பரைச் சொத்தாக வந்து சேரும் பழைய துப்பாக்கிகளைக் கையாள்வோருக்கு இவ்வேறுபாடு உயிர் காக்கும் அறிவாகும். ஜெர்மானிய மொழி காப்பு அமைப்புகளை அவை பூட்டும் உறுப்பின் பெயரால் வழங்குவதை எடுத்துக்காட்டி, தமிழிலும் அவ்வாறே கலைச்சொற்கள் அமைதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: இரட்டைக்குழல் துப்பாக்கி, குதிரை, விசை, காப்புத்தாழ், சூல், சோதனை முத்திரை, கலைச்சொல்லாக்கம்

1. முன்னுரை

இந்திய ஆயுதச் சட்டம் 1878ஆம் ஆண்டிலிருந்தே துப்பாக்கி வைத்திருப்பதை உரிமத்திற்கு உட்படுத்தியது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அந்நெறியையே தொடர்ந்தது. இச்சட்டங்களின்கீழ் உரிமம் பெற்றுத் தமிழகக் குடும்பங்கள் சில தலைமுறைகளாக வைத்திருக்கும் துப்பாக்கிகளில் இரட்டைக்குழல் வகை குறிப்பிடத்தக்க இடம் பெறுகிறது. ஏரிகளிலும் வயல்வெளிகளிலும் நீர்ப்பறவை வேட்டை நடந்த காலத்தில் அது வேட்டைக் கருவியாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டின் திருத்தமும் வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்தன. அதன்பின் அத்துப்பாக்கி பெரும்பாலும் வீட்டுக் காவலுக்கும் பயிர்க் காவலுக்கும் உரியதாகவோ, பயன்பாடின்றி அலமாரியில் உறங்கும் பரம்பரைப் பொருளாகவோ மாறியது.

இத்தகைய துப்பாக்கி அலமாரியை விட்டு வெளியே வரும் தருணங்கள் சிலவே. உரிமம் புதுப்பித்தல், உரிமையாளர் மறைவுக்குப் பின் வாரிசுக்கு மாற்றுதல், தேர்தல் காலத்தில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்தல் ஆகியன அவை. இத்தருணங்களில் துப்பாக்கியைக் கையிலெடுப்பவர் பெரும்பாலும் அதனைச் சுட்டுப் பழகியவர் அல்லர். மூத்தோர் சொல்லக் கேட்ட ஒரு செய்தியையே அவர் நம்புகிறார்: ‘காப்பைப் போட்டுவிட்டால் வெடிக்காது’ என்பதே அச்செய்தி. இந்நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜெர்மானியத் துப்பாக்கிகள் இவ்வாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டமைக்குக் காரணம் உண்டு. துரிங்கியா மாநிலத்திலுள்ள சூல் நகரம் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1751இல் தொடங்கப்பட்ட சாவர், 1840இல் தொடங்கப்பட்ட ஹேனல், 1898இல் தொடங்கப்பட்ட மெர்க்கல் முதலிய பெயர்கள் அந்நகரோடு தொடர்புடையன. ஆங்கிலேயரின் அமைப்புகளை ஏற்றுக்கொண்ட இவ்வூர்க் கைவினைஞர்கள், அவற்றோடு தமக்கே உரிய சில காப்பு முறைகளையும் இணைத்தனர். ஆகவே காப்பு அமைப்பின் வளர்ச்சிப் படிகள் பலவற்றையும் ஒரே இடத்தில் காண்பதற்கு இத்துப்பாக்கிகள் உதவுகின்றன.

2. வெடிப்பை உண்டாக்கும் உறுப்புகள்

காப்பு அமைப்பை விளங்கிக்கொள்ள, துப்பாக்கி எவ்வாறு வெடிக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இதில் நான்கு உறுப்புகள் பங்கு கொள்கின்றன.

முதலாவது உந்துவில். பழைய துப்பாக்கிகளில் இது பெரும்பாலும் வளைத்து மடித்த தட்டையான எஃகுத் தகடாக இருக்கும். இரண்டாவது குதிரை. உந்துவில்லின் ஆற்றலைப் பெற்று முன்னோக்கிப் பாயும் உறுப்பு இதுவே. இது நேராகவோ அடியூசி வழியாகவோ தோட்டாவின் பின்புறமுள்ள கேப்பைத் தாக்கும். கேப்பில் தோன்றும் நெருப்பு வெடிமருந்தைப் பற்றவைக்கும். மூன்றாவது, பின்னுக்கு இழுக்கப்பட்ட குதிரையைப் பிடித்து நிறுத்தும் சிறு நெம்புகோல். இக்கட்டுரையில் அது பற்றுநெம்பு எனப்படுகிறது. பற்றுநெம்பின் மூக்கு, குதிரையில் செதுக்கப்பட்ட பிடிவெட்டு என்னும் சிறு பள்ளத்தில் அமர்ந்திருக்கும். நான்காவது, விரலால் இழுக்கப்படும் விசை. விசை பற்றுநெம்பின் வாலை உயர்த்துகிறது, மூக்கு பிடிவெட்டிலிருந்து விலகுகிறது, குதிரை பாய்கிறது.

இரட்டைக்குழல் துப்பாக்கியில் இவ்வுறுப்புகள் அனைத்தும் இரண்டிரண்டாக உள்ளன. இரண்டு விசைகள் உள்ளவற்றில் வழக்கமாக முன்விசை வலக்குழலையும் பின்விசை இடக்குழலையும் வெடிக்கச் செய்யும்.

இங்குக் கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. குதிரை ஏற்றப்பட்ட துப்பாக்கியில் உந்துவில்லின் முழு ஆற்றலையும் தாங்கி நிற்பது பற்றுநெம்பின் மூக்கு மட்டுமே. அம்மூக்கு பிடிவெட்டினுள் அமர்ந்திருக்கும் ஆழம் மிகச் சிறியது. விசையை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையளவு இழுத்தாலே மூக்கு விலக வேண்டும் என்பதற்காக அவ்வாழம் வேண்டுமென்றே குறைவாக வைக்கப்படுகிறது. எளிதாகச் சுட வேண்டும் என்னும் தேவையும், தானாக வெடிக்கக் கூடாது என்னும் தேவையும் ஒன்றோடொன்று முரண்படும் இடம் இதுவே. காப்பு அமைப்புகளின் வரலாறு இம்முரணைத் தீர்க்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறாகும்.

3. வெளிக்குதிரைத் துப்பாக்கிகள்

பழமையான வகையில் குதிரைகள் இரண்டும் பூட்டின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நின்றன. சுடுபவர் பெருவிரலால் அவற்றைப் பின்னுக்கு இழுத்து ஏற்ற வேண்டும். இவ்வகையில் தனியான காப்புத்தாழ் பெரும்பாலும் இராது. குதிரையின் நிலையே காப்பாக அமைந்தது.

இவற்றுள் முந்தியவற்றில் குதிரைக்கு மூன்று நிலைகள் உண்டு: முழுவதும் இறங்கிய நிலை, அரை ஏற்ற நிலை, முழு ஏற்ற நிலை. அரை ஏற்றத்திற்குரிய பிடிவெட்டு ஆழமானது. பற்றுநெம்பின் மூக்கு அதனுள் நன்கு புதைந்து நிற்பதால் விசையை இழுத்தாலும் குதிரை விடுபடாது. தோட்டாவை இட்டு அரை ஏற்றத்தில் வைத்துத் தூக்கிச் செல்வதே அக்கால நடைமுறையாகும். எனினும் பல ஆண்டு உழைத்த துப்பாக்கியில் மூக்கின் நுனியோ பிடிவெட்டின் விளிம்போ உடைந்திருக்கலாம். அந்நிலையில் அரை ஏற்றம் என்பது பெயரளவிலான காப்பே. மேலும், ஏற்றிய குதிரையைச் சுடாமல் இறக்கும்போது பெருவிரல் வழுக்கினால் குதிரை கேப்பைத் தாக்கிவிடும். ஈரக் கையும் எண்ணெய்ப் பிசுக்கும் இதற்குப் போதுமானவை.

இறங்கிய நிலையும் முழுப் பாதுகாப்பானதன்று. மீட்சி அமைப்பு இல்லாத பழைய பூட்டுகளில், இறங்கிய குதிரை அடியூசியை முன்னுக்குத் தள்ளியவாறே நிற்கும். அந்நிலையில் தோட்டா இட்டுக் குழலை மூடினால் ஊசிமுனை கேப்பின்மீது மோதக்கூடும். குதிரையின்மீது விழும் ஓர் அடியும் நேரே கேப்பைச் சென்றடையும். 1860களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான மீட்சிப்பூட்டு இக்குறையை நீக்கியது. அதில் குதிரை கேப்பைத் தாக்கியவுடன் சற்றே பின்வாங்கி, அங்கேயே நிலைபெறுகிறது. பிற்கால வெளிக்குதிரைத் துப்பாக்கிகளில் இவ்வமைப்பு பரவலாயிற்று. ஒரு பழைய துப்பாக்கியில் இறங்கிய குதிரை அடியூசியைத் தொட்டு அழுத்துகிறதா, அல்லது சிறு இடைவெளி விட்டு நிற்கிறதா என்பதைக் கொண்டு இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தி அறியலாம்.

வெளிக்குதிரை அமைப்பிற்கு மறுக்க முடியாத நன்மை ஒன்றுண்டு. துப்பாக்கி சுடத் தயாராக உள்ளதா, இல்லையா என்பதை எதிரில் நிற்பவரும் பார்த்தவுடன் அறியலாம். அடுத்து வந்த அமைப்பு இழந்தது இந்நன்மையையே.

4. உட்குதிரை அமைப்பும் காப்புத்தாழும்

1875இல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி என்னும் இருவர் பெற்ற காப்புரிமை, இரட்டைக்குழல் துப்பாக்கியின் வடிவத்தையே மாற்றியது. அவர்களின் அமைப்பில் குதிரைகள் பூட்டுப்பெட்டியின் உள்ளே சென்றன. தோட்டா இடுவதற்காகக் குழலை மடக்கித் திறக்கும்போது, குழலின் எடையே நெம்புகோலாகி இரு குதிரைகளையும் ஏற்றிவிடும். உறுப்புகள் குறைவு, உருவாக்கம் எளிது. சூல் நகரக் கைவினைஞர்கள் இவ்வமைப்பை விரைந்து ஏற்றனர். பூட்டின் உறுப்புகளை விசைத்தகட்டின்மீதே பொருத்தும் ‘பிளிட்ஸ்’ என்னும் அமைப்பையும் ஜெர்மானியர் மிகுதியாகக் கையாண்டனர்.

இம்மாற்றத்தால் புதிய இடர் ஒன்று தோன்றியது. துப்பாக்கியைத் திறந்து மூடினாலே குதிரைகள் ஏறிவிடுகின்றன. அவை ஏறியிருப்பது வெளியே தெரிவதில்லை. எனவே தனியான காப்புத்தாழ் இன்றியமையாததாயிற்று. அது இரு இடங்களில் அமைந்தது.

ஒன்று, பிடியின் மேற்புறத்தில் பெருவிரல் படும் இடத்திலுள்ள வழுக்குத்தாழ். பொதுவாகப் பின்னுக்கு இழுத்தால் காப்பு நிலை, முன்னுக்குத் தள்ளினால் சுடும் நிலை. மற்றொன்று, கட்டையின் இடப்பக்கத்தில் பூட்டுப்பெட்டிக்குப் பின்னால் அமையும் சிறு திருகுநெம்பு. இது பர்மிங்காம் துப்பாக்கித் தொழிலர் கிரீனரின் பெயரால் வழங்கப்படுகிறது. ஆங்கிலேயரிடையே அருகிய இம்முறை ஜெர்மானியத் துப்பாக்கிகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. இரு சிதறுரவைக் குழல்களோடு ஒரு குண்டுக்குழலும் கொண்ட முக்குழல் துப்பாக்கிகளை ஜெர்மானியர் விரும்பிச் செய்தனர். அவற்றில் மேற்புற வழுக்குத்தாழ் குழலைத் தேர்ந்தெடுக்கும் கருவியாகப் பயன்பட்டது. ஆகவே காப்புத்தாழ் பக்கவாட்டிற்குச் சென்றது. முக்குழலுக்குப் பழகியவர் இரட்டைக்குழலிலும் அதே இடத்தில் காப்பை எதிர்பார்ப்பது இயல்பே.

இவ்விடத்தில் கையாள்வோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மேற்புற வழுக்குத்தாழ் காப்பு என்றே பழகிய ஒருவர், முக்குழல் துப்பாக்கியின் மேற்புறத் தாழைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக் காப்பு இட்டதாகக் கருதலாம். உண்மையில் அவர் குழலை மட்டுமே மாற்றியிருப்பார்.

காப்புத்தாழ் தானியங்கியாகவோ கையியங்கியாகவோ அமையும். தானியங்கி வகையில், குழலைத் திறக்கும் மேல்நெம்பைத் திருப்பும்போதே ஒரு தண்டு தாழைக் காப்பு நிலைக்குத் தள்ளிவிடும். கையியங்கி வகையில் சுடுபவர் தாமே தாழிட வேண்டும். பக்கத்தாழ் கொண்ட ஜெர்மானியத் துப்பாக்கிகளில் கையியங்கி வகையே மிகுதி. எனவே ஒரு துப்பாக்கியில் பெற்ற பழக்கத்தை மற்றொன்றிற்குப் பொருத்துதல் தவறாகும்.

5. தாழ் எதைப் பூட்டுகிறது?

காப்பு அமைப்பை மதிப்பிடுவதற்குரிய அடிப்படை வினா, தாழ் எங்கே உள்ளது என்பதன்று. அது எந்த உறுப்பைப் பூட்டுகிறது என்பதே. ஜெர்மானிய வேட்டைக் கல்வியில் காப்பு அமைப்புகள் இவ்வடிப்படையிலேயே பெயரிடப்படுகின்றன. ‘அப்ட்சூக்’ என்பது விசை; ‘ஷ்டாங்கெ’ என்பது தண்டு, அதாவது பற்றுநெம்பு; ‘ஷ்லாக்ஷ்ட்யூக்’ என்பது தாக்கும் உறுப்பு, அதாவது உட்குதிரை. இம்மூன்றோடும் காப்பைக் குறிக்கும் ‘ஸிஷெருங்’ என்னும் சொல்லைச் சேர்த்து மூவகைக் காப்புகளைக் குறிப்பிடுகின்றனர்.

முதல்வகை விசைக்காப்பு. தாழின் ஒரு பகுதி விசைகளின் மேலோ பின்னோ வந்து நின்று அவற்றை அசையவிடாமல் தடுக்கும். பற்றுநெம்பும் குதிரையும் முன்போலவே இருக்கும். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை இவ்வகையினவே. விரலோ உடையின் மடிப்போ மரக்கிளையோ விசையில் சிக்கி இழுபடுவதை இது தடுக்கும். ஆனால் துப்பாக்கி தரையில் விழுந்தாலோ கட்டையின் அடி கல்லில் மோதினாலோ அவ்வதிர்வில் பற்றுநெம்பின் மூக்கு பிடிவெட்டிலிருந்து நழுவிவிடலாம். அப்போது விசை அசையாமலேயே குதிரை பாயும். தாழ் இடப்பட்டிருந்தது என்பதும் துப்பாக்கி வெடித்தது என்பதும் ஒருங்கே உண்மையாக இருக்கும்.

இரண்டாம் வகை பற்றுநெம்புக் காப்பு. இதில் தாழ் பற்றுநெம்பையே அழுத்திப் பிடிக்கிறது. அதிர்வில் மூக்கு நழுவும் வாய்ப்பு குறைகிறது. எனினும் மூக்கோ பிடிவெட்டோ தேய்ந்து உடைந்தால் இதனால் பயனில்லை.

மூன்றாம் வகை குதிரைக் காப்பு. தாக்கும் உறுப்பே தடுக்கப்படுவதால் மூவகையுள்ளும் இதுவே வலியது.

இவற்றோடு சேர்த்துக் கருதத்தக்கது மறிநெம்பு என்னும் இரண்டாவது நெம்பு. தரமான பக்கப்பூட்டுத் துப்பாக்கிகளிலும் சில பெட்டிப்பூட்டுத் துப்பாக்கிகளிலும் இதனைக் காணலாம். குதிரை முறையாக விசையால் விடுவிக்கப்பட்டால் மறிநெம்பு வழிவிடும். விசை இழுக்கப்படாமல் குதிரை நழுவினால் மறிநெம்பு குறுக்கே நின்று அதனைப் பிடித்துக்கொள்ளும். ஒரு குழல் வெடிக்கும் அதிர்ச்சியில் மற்றக் குதிரையும் நழுவி இரு குழல்களும் ஒருசேர வெடிக்கும் இடரையும் இது தடுக்கிறது. எல்லாத் துப்பாக்கிகளிலும் இது அமைந்திராது. வெளித்தோற்றத்தைக் கொண்டு மட்டும் இதன் இருப்பை உறுதி செய்யவும் இயலாது. பூட்டைத் திறந்து பார்க்கும் தகுதியுடைய பழுதுநீக்குநரே கூற முடியும்.

6. அறிகுறி ஊசிகளும் எழுத்துகளும்

உட்குதிரை மறைத்த உண்மையை மீண்டும் வெளிக்கொணர ஜெர்மானியர் கையாண்ட வழி அறிகுறி ஊசி. பூட்டுப்பெட்டியின் மேற்புறத்திலோ பக்கத்திலோ இரு சிறு ஊசிகள் அமைந்திருக்கும். குதிரை ஏறியிருந்தால் அதற்குரிய ஊசி மேலெழுந்து நிற்கும்; இறங்கியிருந்தால் உள்ளே அமிழ்ந்துவிடும். விடியற்காலை இருளிலும் விரலால் தடவி நிலையை அறியலாம். எனினும் இவ்வூசி கூறுவது குதிரையின் நிலையை மட்டுமே. குழலில் தோட்டா உள்ளதா என்பதை அது கூறாது. அழுக்கு அடைத்த துப்பாக்கியில் ஊசி மேலெழாமல் சிக்கியிருக்கவும் கூடும்.

எழுத்துகளும் மயக்கம் தருவன. ஜெர்மானியத் துப்பாக்கிகளில் காப்பு நிலையை ‘ஸிஷர்’ அல்லது ‘கெஸிஷெர்ட்’ என்னும் சொல்லின் குறியான ‘எஸ்’ எழுத்தும், சுடும் நிலையை ‘ஃபாயர்’ என்னும் சொல்லின் குறியான ‘எஃப்’ எழுத்தும் சுட்டுகின்றன. ‘எஸ்’ என்பதைச் சுடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகக் கொள்பவர் நேர்மாறான பொருளை அடைவார். அதே ‘எஸ்’ எழுத்து மணிமுடிக் குறியின்கீழ் குழலின் அடிப்புறத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். அங்கு அது சிதறுரவைக்குரிய குழல் என்பதைக் குறிக்கும் சோதனை முத்திரையாகும். காப்போடு அதற்குத் தொடர்பில்லை.

7. முதுமையும் ஈரமும்

மேற்கூறிய அமைப்புகள் அனைத்தும் துப்பாக்கி புதியதாக இருந்தபோது வடிவமைப்பாளர் கருதியவாறு இயங்கியவை. நூறாண்டு கடந்த ஒன்றில் நிலைமை வேறு. பற்றுநெம்பின் மூக்கு தேய்ந்து வட்டமாகியிருக்கும். விசையை இலகுவாக்கும் எண்ணத்தில் யாரேனும் பிடிவெட்டை அரத்தால் தேய்த்திருக்கலாம். வெப்பமூட்டிக் கடினமாக்கப்பட்ட மேற்பரப்பு அரத்தால் நீங்கிவிட்டால் எஞ்சிய மென்மையான இரும்பு விரைவில் தேயும்.

கடலூர், சிதம்பரம் போன்ற கடற்கரைப் பகுதிகளின் தட்பவெப்பம் இதனை மேலும் சிக்கலாக்குகிறது. உப்புக் கலந்த காற்றும் வடகிழக்குப் பருவமழைக் கால ஈரமும் பூட்டினுள் துருவை உண்டாக்குகின்றன. பிடிவெட்டில் படிந்த துரு மூக்கை முழு ஆழம் அமரவிடாது. எண்ணெய் காய்ந்து பிசினாகி இறுகினால் பற்றுநெம்பின் சிறுவில்லால் அதனை முழுமையாகத் திருப்ப இயலாது. குதிரை விளிம்பில் தொற்றி நிற்கும். மரக்கட்டை ஈரத்தில் ஊதி, கோடையில் சுருங்குகிறது. அதனால் அதன்மேல் பொருந்திய விசைத்தகட்டுக்கும் பூட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு மாறுகிறது. விசைக்கும் பற்றுநெம்பின் வாலுக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளி மறைந்துபோனால், விசை எப்போதும் வாலைச் சற்றே தூக்கிய நிலையில் நிற்கும். தாழ் அந்நிலையிலேயே விசையைப் பூட்டும். காப்பு இடப்பட்டிருக்கும், ஆனால் மூக்கு பாதி விலகியிருக்கும்.

8. காப்புத்தாழ் எட்டாத இடர்: குழலும் தோட்டாவும்

எதிர்பாராது வெடித்தல் ஒருவகை இடர். முறையாகச் சுடும்போதே குழல் பிளத்தல் மற்றொரு வகை. பின்னதைக் காப்புத்தாழ் தடுக்க இயலாது; அதற்குரிய காப்பு குழலின் அடிப்புறத்துச் சோதனை முத்திரைகளைப் படித்தறிதலே.

ஜெர்மனியில் 1891 மே 19 அன்று இயற்றப்பட்ட சட்டம் 1893 ஏப்ரல் 1 முதல் துப்பாக்கிச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அச்சட்டத்தின்கீழ் மணிமுடிக் குறியோடு கூடிய எழுத்துகள் வழங்கலாயின. ‘யு’ பார்வையிடப்பட்டதையும், ‘எஸ்’ சிதறுரவைக் குழலையும், ‘டபிள்யூ’ முனை குறுகிய குழலையும், ‘ஜி’ உட்புறம் வரிகள் இடப்பட்ட குண்டுக்குழலையும் குறித்தன. 1911 முதல் ‘என்’ என்னும் எழுத்து புகையில்லா மருந்தால் சோதிக்கப்பட்டதைச் சுட்டியது. 1939ஆம் ஆண்டின் புதுச் சட்டத்திற்குப் பின் மணிமுடிக்குப் பதிலாகக் கழுகுக்குறி வந்தது. வட்டத்தினுள் பொறிக்கப்பட்ட 12 அல்லது 16 என்னும் எண் குழலின் அளவெண்ணாகும்.

இதில் நுட்பமான இடர் ஒன்று மறைந்துள்ளது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஜெர்மானியத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளமுடையது. இக்காலத் தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீட்டருக்குரியவை. இந்நீளம் சுட்டபின் விரிந்த தோட்டாவின் அளவாகும். சுடுமுன் மடிந்த வாயோடு கூடிய தோட்டா அதனினும் குறுகியது. ஆகவே 70 மில்லிமீட்டர்த் தோட்டா பழைய அறையில் எளிதாக நுழைந்துவிடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றிக் குழலின் குறுகிய பகுதியில் புகுந்து அழுத்தத்தை உயர்த்தும். பொருந்துகிறது என்பது ஏற்றது என்பதாகாது.

9. சட்டமும் கையாளும் ஒழுங்கும்

1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்திற்குக் குறையாத வழுவழுப்பான குழலுடைய துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதைக் குறிப்பிடுகிறது. இரட்டைக்குழல் சிதறுரவைத் துப்பாக்கி இவ்வகையைச் சார்ந்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரை வழியாகப் பெறுவதற்கும் இவ்வரம்பு பொருந்தும். 45ஆம் பிரிவு பழம்பொருளுக்குத் தரும் விலக்கு, பழுதுபார்த்தும் சுட இயலாத துப்பாக்கிக்கே உரியது. எனவே நூறாண்டுப் பழமை ஒன்றே உரிமத்திலிருந்து விலக்கு அளிக்காது. பழுதுபார்த்தலும் சோதித்தலும் 5ஆம் பிரிவின்படி உரிமம் பெற்றோருக்கே உரியன. உள்ளூர்ப் பட்டறையில் விசையைச் சரிசெய்தல் சட்டத்திற்கும் புறம்பானது, உயிருக்கும் இடரானது.

மேற்கண்ட இயங்குமுறையிலிருந்து கையாளும் ஒழுங்கும் பெறப்படுகிறது. குழல் ஆளற்ற திசையை நோக்க வேண்டும். விரல் விசையிலிருந்து விலகியிருக்க வேண்டும். மேல்நெம்பைத் திருப்பிக் குழலை மடக்கி இரு அறைகளையும் கண்ணால் காண வேண்டும். மீட்சியற்ற வெளிக்குதிரைத் துப்பாக்கியில் அடியூசி கேப்பில் பதிந்திருக்கக்கூடுமாதலால் குழல் திறக்க மறுக்கலாம். அந்நிலையில் வலிந்து திறக்காமல், அனுபவமுள்ள ஆயுத வணிகரையோ காவல்துறையின் ஆயுதப் பிரிவினரையோ நாடுதலே முறை. ‘தோட்டா இல்லை’ என்று பிறர் கூறியதை நம்பி விசையை இழுத்துப் பார்த்தல் எந்நிலையிலும் கூடாது. ஒப்படைக்கும் இடத்தில் குழலை மடக்கிய நிலையில் கைமாற்றுதல் நன்று. இருவரும் வெற்று அறைகளைக் காண்பர். மடங்கிய குழலோடு துப்பாக்கி வெடிக்கவும் இயலாது.

ஆன்சன்–டீலி வகையில் சோதனைக்காகத் திறந்து மூடிய துப்பாக்கி குதிரை ஏறிய நிலையிலேயே அலமாரிக்குத் திரும்புகிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அறைகள் வெறுமையாக இருக்கும் வரை அதனால் தீங்கில்லை. ஆனால் அடுத்து எடுப்பவருக்கு அது தெரியாது. ஆகவே ஒவ்வொருவரும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

10. கலைச்சொல் நோக்கு

துருக்கி மொழி வழியாக வந்த ‘துப்பாக்கி’ என்னும் சொல்லைத் தமிழ் தன் உறுப்புச் சொற்களால் நிறைவு செய்துகொண்டது. குழல், குதிரை, விசை, கட்டை, ரவை, தோட்டா ஆகியன மக்கள் வழக்கில் நிலைத்தவை. தாக்கும் உறுப்பை ஜெர்மானியர் ‘ஹான்’ என்றனர். அதன் பொருள் சேவல். ஆங்கிலேயரும் சேவலின் பெயரையே இட்டனர். தமிழரும் இந்தி மொழியினரும் குதிரை என்றனர். பாயக் காத்திருக்கும் விலங்கு என்னும் கருத்து இப்பெயரில் அமைந்துள்ளது.

ஆனால் காப்பு அமைப்பிற்கு இத்தகைய தெளிவான சொல் நிலைபெறவில்லை. ‘பாதுகாப்பு விசை’, ‘பூட்டு’, ‘சேஃப்டி’ எனப் பலவாறாக வழங்குகிறது. இவற்றுள் ‘பாதுகாப்பு விசை’ இருவகையில் பொருந்தாது. இழுக்கும் உறுப்பைக் குறிக்கும் விசை என்னும் சொல்லே தடுக்கும் உறுப்புக்கும் வருவதால் மயக்கம் நேர்கிறது. ‘பாதுகாப்பு’ என்னும் அடைமொழியோ அவ்வுறுப்பு தராத உறுதியைத் தருவதாகக் காட்டுகிறது. ‘பூட்டு’ என்பது குதிரையும் வில்லும் அடங்கிய முழு அமைப்பையும் குறிக்கப் பயன்படும் சொல்.

எனவே பூட்டப்படும் உறுப்பைக் கொண்டு பெயரிடுதல் தகும். விசையை மட்டும் தடுப்பது விசைத்தாழ். பற்றுநெம்பைத் தடுப்பது நெம்புத்தாழ். குதிரையைத் தடுப்பது குதிரைத்தாழ். ‘இத்துப்பாக்கிக்கு விசைத்தாழ் உண்டு’ என்று கூறும்போது, குதிரைக்குத் தாழ் இல்லை என்பதையும் அச்சொல் உணர்த்திவிடுகிறது. உரிமப் பயிற்சி ஏடுகளிலும் காவல் நிலையப் பதிவுகளிலும் இச்சொற்கள் இடம்பெற்றால் கருவியின் எல்லையைச் சொல்லே நினைவூட்டும்.

11. முடிவுரை

வெளிக்குதிரையிலிருந்து உட்குதிரைக்கும், அதிலிருந்து காப்புத்தாழ், மறிநெம்பு, அறிகுறி ஊசி ஆகியவற்றுக்கும் சென்ற வளர்ச்சி, ஒரு குறையை நீக்கி மற்றொன்றைத் தோற்றுவித்த தொடர் முயற்சியாகும். இக்கால ஜெர்மானிய வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றில், துப்பாக்கியைத் திறந்து மூடினாலும் உந்துவில் இறுகுவதில்லை; சுடுவதற்குச் சற்று முன் பெருவிரலால் தள்ளியே அதனை ஏற்ற வேண்டும். இறுகாத வில்லே உறுதியான காப்பு என்னும் இக்கருத்து, குதிரையைக் கையால் ஏற்றிய பழைய முறையின் அறிவிற்கே திரும்பியுள்ளது.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் விசைத்தாழ் பயனற்றதன்று. தனக்கு இடப்பட்ட பணியை அது செய்கிறது. விசை தவறி இழுபடுவதைத் தடுத்தலே அப்பணி. கீழே விழுந்த துப்பாக்கியையோ தேய்ந்த பிடிவெட்டையோ பொருந்தாத தோட்டாவையோ அது காக்காது. மடக்கித் திறந்த குழலும் கண்ணால் கண்ட வெற்று அறைகளுமே அத்துப்பாக்கியில் நம்பத்தக்க காப்பாகும்.